அயர்லாந்து கிராமத்தில் சாவு வீட்டுக்குப் போவது எப்படி: அறிவிப்பு முதல் முப்பதாம் நாள் திருப்பலி வரை

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், மேயோ மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். இங்கே செவிலியராகவும் முதியோர் இல்லப் பணியாளராகவும் வந்து சேரும் நம்மவர்கள் சாவு வீட்டு விஷயத்தில் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். கூட வேலை பார்ப்பவரின் தந்தை இறந்துவிடுகிறார், பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்துவிடுகிறார். "நமக்கு அவ்வளவு பழக்கமில்லையே, குடும்பத்தினர் தனியாக இருக்க விரும்புவார்கள்" என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தவறுகளிலேயே பெரிய தவறு இதுதான். இந்தக் கிராமங்களில் வந்து தலைகாட்டுவதே மரியாதை. நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது மறந்துபோகும். வந்தீர்கள் என்பது பல ஆண்டுகள் நினைவில் இருக்கும்.

உடலை வீட்டில் வைத்து, அடக்கம்வரை ஊரார் வந்து பார்த்துப் போவதை இங்கே 'வேக்' என்கிறார்கள். நான் எழுதுவது மேற்கு, வடமேற்குக் கிராமங்களின் கத்தோலிக்க வழக்கம். டப்ளின் போன்ற நகரங்களில் பெரும்பாலும் ஃபியூனரல் ஹோம் என்ற தனி இடத்தில்தான் உடலை வைப்பார்கள். புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் முறையும், மதச்சார்பற்ற முறையில் தகனம் செய்பவர்களின் முறையும் வேறு.

1. அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்

இங்கே இறந்த இரண்டு, மூன்று நாட்களுக்குள் அடக்கம் முடிந்துவிடும். வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. எனவே செய்தி கேட்டவுடன் அறிவிப்பைத் தேடுங்கள்.

நாடு முழுவதும் பார்க்கும் தளம் ஆர்ஐபி டாட் ஐஇ. 2025 தொடக்கத்திலிருந்து அதில் அறிவிப்பு வெளியிட 100 யூரோ கட்டணம். அதனால் சிலர் அதில் போடாமல் விடலாம், உள்ளூர் வானொலியையும் கேட்டுக்கொள்ளுங்கள். மேயோவில் மிட்வெஸ்ட் ரேடியோ, டொனெகாலில் ஹைலேண்ட் ரேடியோ, கெர்ரியில் ரேடியோ கெர்ரி ஆகியவை தினமும் மரண அறிவிப்புகளை வாசிக்கின்றன. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், பெயரோடு 'டவுன்லேண்ட்' என்னும் சிற்றூர்ப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிவிப்பில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உடல் எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்வைக்கு இருக்கும் என்பது. இரண்டாவது, 'ரிமூவல்', அதாவது உடல் வீட்டைவிட்டு ஆலயத்துக்குக் கிளம்பும் நேரம். மூன்றாவது, திருப்பலி எனப்படும் ஆலயப் பூசையின் நேரமும் கல்லறைத் தோட்டமும். நான்காவது, 'ஹவுஸ் பிரைவேட்' என்ற சொற்கள்.

அந்த நான்காவதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "ஹவுஸ் பிரைவேட்" என்று மட்டும் இருந்தால் வீட்டுக்குப் போகக் கூடாது. ஃபியூனரல் ஹோமுக்கோ ஆலயத்துக்கோ போகலாம். "அடக்கத்தன்று காலை ஹவுஸ் பிரைவேட்" என்றிருந்தால் முந்தைய நாள் வீடு திறந்திருக்கிறது, தாராளமாக வரலாம் என்று பொருள். இதை அரைகுறையாகப் படித்துவிட்டுப் போகாமல் இருந்தவர்களும் உண்டு, போகக் கூடாத நேரத்தில் கதவைத் தட்டியவர்களும் உண்டு.

அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். அறிவிப்புதான் அழைப்பு.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

உடை: கருமையோ அடர்நீலமோ சாம்பலோ, எதுவானாலும் சுத்தமாக இருந்தால் போதும். முழுக் கறுப்பு கட்டாயமில்லை. வேலை முடிந்து சீருடையிலேயே வந்து நிற்பவர்களையும் யாரும் குறை சொல்வதில்லை. வரிசை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே மழையில் நிற்கும் என்பதால் நல்ல கோட்டும் காலணியும் அவசியம்.

அட்டை: கத்தோலிக்கர்கள் திருப்பலி அட்டை கொண்டு வருவார்கள். இறந்தவரின் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும் என்பதற்கு அத்தாட்சியாகக் குருவானவர் கையெழுத்திட்ட அட்டை அது. அதைப் பங்கு (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதி) அலுவலகத்திலேயே வாங்குங்கள். ஆயர் அல்லது துறவற சபைத் தலைவரின் ஒப்புதல் ஏற்பாடு இல்லாமல் திருப்பலி அட்டை விற்பதை 2009ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கடையில் அடுக்கி வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் சாதாரண அனுதாப அட்டை கொடுத்தால் போதும்.

அட்டைக்குள் உங்கள் முழுப்பெயர், முகவரி, இறந்தவரை எப்படித் தெரியும் என்ற ஒரு வரி, மூன்றையும் எழுதுங்கள். சில வாரங்கள் கழித்துக் குடும்பத்தினர் ஒவ்வோர் அட்டையாகப் பிரித்து நன்றி மடல் அனுப்புவார்கள். 'செல்வி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாரென்று அவர்கள் திண்டாட வேண்டியிருக்கும்.

பணம் கொண்டுபோகக் கூடாது. உறையில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. மாலையும் வேண்டாம். பெரும்பாலான அறிவிப்புகள் குடும்பத்தார் மலர்கள் மட்டும் போதும் என்றும், மற்றவர்கள் விரும்பினால் ஹாஸ்பிஸ் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) போன்ற ஓர் அமைப்புக்கு நன்கொடை தரலாம் என்றும் சொல்லும். அதற்கான பெட்டி வாசலிலோ ஆலயத்திலோ இருக்கும்.

உணவு: அக்கம்பக்கத்தவராக இருந்தால் மட்டும் கொண்டுபோங்கள். கேக், ஸ்கோன், சாண்ட்விச் போல நின்றபடி கையில் எடுத்துச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். திரும்ப வாங்க வேண்டிய பாத்திரமாக இருந்தால் அடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்த அடுக்களையில் இருபது வீட்டுத் தட்டுகள் கலந்து கிடக்கும்.

3. வாசலிலிருந்து பெட்டி வரை

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்த அண்டை வீட்டுக்காரர் கைகாட்டுவார். அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டு வாசலைப் பிரேத ஊர்திக்காகவும் குருவானவருக்காகவும் விட்டுவைத்திருப்பார்கள்.

கதவு திறந்தே இருக்கும். மணியடிக்காமல் வரிசையோடு உள்ளே போங்கள். காலணியைக் கழற்ற வேண்டாம். நம்மவர்கள் பழக்கத்தில் குனிந்து கழற்றத் தொடங்குவார்கள். பின்னால் இருப்பவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சவப்பெட்டி பெரும்பாலும் முன்னறையிலோ படுக்கையறையிலோ திறந்திருக்கும். தலைமாட்டில் மெழுகுவர்த்தி, விரல்களுக்கிடையில் செபமாலை, சுவரோரம் நாற்காலிகளில் நெருங்கிய குடும்பத்தார். சில வீடுகளில் கடிகாரம் இறந்த நேரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும், கண்ணாடி துணியால் மூடப்பட்டிருக்கும், திரை இழுத்து விடப்பட்டிருக்கும். ஆன்மா வெளியேறுவதற்காக ஜன்னலைத் திறந்துவைத்துப் பிறகு மூடுகிற வழக்கமும் இருக்கிறது. இவற்றில் எதையும் தொடாதீர்கள். நின்ற கடிகாரத்தைப் பார்த்து "பேட்டரி தீர்ந்துவிட்டதா" என்று கேட்காதீர்கள்.

நாற்காலி வரிசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களைத் தாண்டக் கூடாது. அங்கே உட்கார்ந்திருக்கும் பதின்வயதுப் பேரனும் துக்கத்துக்குரியவன்தான். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்", அதாவது உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன். நூறு பேர் அதையே சொல்லிப் போவதால் வெறும் சடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். புதிதாக எதையும் யோசித்துச் சொல்லும் பாரத்தை அது இரு பக்கமும் இறக்கிவைக்கிறது. அதனால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

அவர்களுக்கு உங்களைத் தெரியாதென்றால் இன்னும் ஒரு வாக்கியம் சேருங்கள். "உங்கள் அம்மா இருந்த இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். தினமும் காலையில் மழை வருமா என்று என்னிடம் கேட்பார்." இப்படி ஒரு சின்ன நினைவு போதும். கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "இன்னொரு முறை சொல்லுங்கள், என் தம்பியும் கேட்கட்டும்" என்று சொன்ன மகளைப் பார்த்திருக்கிறேன். பெற்றவளின் கடைசி மாதங்களில் பிள்ளைகள் அருகில் இல்லாத நேரத்தில் அவளைப் பார்த்தவர் நீங்கள். அந்தக் குடும்பத்தில் யாரிடமும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

ஆனால் செவிலியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடைசி நேரத்து மருத்துவ விவரங்களை வரிசையில் நின்று பேசாதீர்கள். பின்னால் நிற்கும் முழு ஊரும் கேட்கும். உங்கள் தொழில் விதியையும் அது மீறும். எப்படி இறந்தார், எவ்வளவு நாள் நோய் என்று நீங்களாகக் கேட்பதும் கூடாது. நம் ஊரில் துக்கம் விசாரிப்பது என்றாலே அதைக் கேட்பதுதான். இங்கே அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டியருகே சற்று நின்று மனத்துக்குள் பிரார்த்தியுங்கள். பலர் இறந்தவரின் கையையோ நெற்றியையோ தொடுவார்கள். விருப்பமில்லையென்றால் தொட வேண்டாம். தொடுபவர்கள் கவனிக்க: உடல் மிகக் குளிர்ந்திருக்கும், சட்டென்று கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். காலில் விழுந்து வணங்குவதும் வாய்விட்டு அழுவதும் இங்கே வழக்கமில்லை. முன்காலத்தில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இந்த நாட்டிலும் இருந்தார்கள், இப்போது இல்லை. கண் கலங்கினால் தவறில்லை.

புகைப்படம் எடுக்கவே கூடாது. ஊரிலிருக்கும் உறவுகளுக்குக் காட்டலாம் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

4. தேநீரை மறுக்காதீர்கள்

பெட்டியிருக்கும் அறையைத் தாண்டினால் யாரோ ஒருவர் உங்களை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போவார். நம்மவர்களுக்கு மிகவும் கடினமான இடம் இதுதான். பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியாது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு, அடுத்த அறையில் உடல் இருக்கும்போது சாண்ட்விச் தட்டு நீட்டப்பட்டால் கை போகாது.

இங்கே நிலைமை நேர் எதிர். சாவு வீட்டிலேயே சுறுசுறுப்பான இடம் அடுக்களைதான். பெரிய மின்கொதிகலனில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அண்டை வீட்டுப் பெண்கள் ஒருவர் கழுவ, ஒருவர் துடைக்க, ஒருவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். மேசையில் ஹாம் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், உலர்திராட்சை போட்ட 'பிராக்' ரொட்டி, பிஸ்கட். வந்தவர்கள் இறந்தவரைப் பற்றிய கதைகளை இங்கேதான் சொல்வார்கள், சிரிப்பும் எழும். சிரிப்பைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். அது அவமரியாதை அல்ல. குடும்பத்தினர் அந்தச் சிரிப்பைக் கேட்க விரும்புகிறார்கள்.

சாப்பிட மனம் ஒப்பவில்லையென்றால் ஒரு கோப்பைத் தேநீரையாவது கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சைவ உணவுக்காரர்கள் இறைச்சியில்லாத பிராக் எடுத்துக்கொள்ளலாம். வெறுங்கையோடு கிளம்பினால் அந்தப் பெண்கள் தங்கள் உபசரிப்பில் ஏதோ குறை என்று வருந்துவார்கள்.

கால் மணி முதல் அரை மணி நேரம் இருந்தால் போதும். நாற்காலிகள் குறைவு, அடுத்தவர் வர இடம் விட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நழுவ வேண்டியதில்லை. சாவு வீட்டில் விடைபெறக் கூடாது என்ற நம் வழக்கம் இங்கே இல்லை. அருகிலிருப்பவரிடம் தலையசைத்து விடைபெறலாம். வீடு திரும்பிக் குளிப்பதும் குளிக்காததும் உங்கள் விருப்பம்.

5. இரவுச் செபமாலை

அறிவிப்பில் "இரவு 9 மணிக்குச் செபமாலை" என்றிருந்தால் அந்த நேரத்தில் வீட்டினுள் எல்லாப் பேச்சும் நின்றுவிடும். யாராவது ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் தலைகுனிந்து நின்றால் போதும். பாதியில் வெளியேறுவது நன்றாக இருக்காது. அவசரமென்றால் செபமாலைக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

இரவு முழுவதும் உடலைத் தனியே விட மாட்டார்கள். குடும்பத்தாரும் மிக நெருங்கியவர்களும் முறைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். கேட்டுக்கொண்டால் ஒழிய நீங்கள் இரவு தங்க வேண்டியதில்லை.

6. அண்டை வீட்டுக்காரர் என்றால் வேலை இருக்கிறது

ஒரே சாலையில் குடியிருப்பவர் நீங்கள் என்றால் கைகொடுத்துத் திரும்புவதோடு முடியாது. "ஏதாவது உதவி வேண்டுமா" என்று குடும்பத்தாரிடம் கேட்காதீர்கள். அவர்கள் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். வேலைகளை யார் ஒருங்கிணைக்கிறார் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். யாராவது ஒருவர் பட்டியலோடு இருப்பார்.

செய்யக்கூடியவை நிறைய: நாற்காலி கடன் வாங்கி வருவது, பால் வாங்குவது, மாடுகளுக்குத் தீனி வைப்பது, விமான நிலையத்திலிருந்து உறவினரைக் கூட்டி வருவது, அனைவரும் ஆலயத்தில் இருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்வது. கடைசி வேலை புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. வீட்டில் ஒருவர் இருந்து, திரும்பி வருபவர்களுக்குக் கணப்பு மூட்டி வைத்திருக்க வேண்டும்.

மேற்குப் பகுதியின் பல ஊர்களில் குழியை இன்னும் அண்டை வீட்டு ஆட்களே வெட்டுகிறார்கள். அழைத்தால் போங்கள், அது உங்களை ஊராராக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். மூத்தவர்கள் சொல்லும் விதிகளைக் கேட்டு நடங்கள். திங்கட்கிழமை குழி தோண்டத் தொடங்கக் கூடாது என்பது தெற்கிலும் மேற்கிலும் பல இடங்களில் உறுதியான நம்பிக்கை. திங்களன்று அடக்கம் என்றால் முந்தைய நாளே ஒரு மண்கட்டியைப் புரட்டி வைத்துவிடுவார்கள். வெட்டி முடித்த குழியின் மேல் மண்வெட்டிகளைக் குறுக்காகச் சிலுவைபோல் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. அதை நகர்த்தாதீர்கள்.

7. பெட்டியைத் தூக்குவது

சில பங்குகளில் அடக்கத்துக்கு முந்தைய மாலையே உடலை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். இப்போது பல இடங்களில் அன்று காலையில்தான் எடுக்கிறார்கள். மூடி போடும் முன் குடும்பத்தார் தனியாக விடைகொடுக்க வேண்டும். அண்டர்டேக்கர் (இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர்) சைகை காட்டியதும் மற்றவர்கள் உடனே வெளியேறி முற்றத்தில் நிற்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் முழுக்க அவர்களுடையவை.

கால் பக்கம் முன்னே வரும்படிதான் பெட்டி வீட்டைவிட்டு வெளியே வரும். பெட்டி இருந்த நாற்காலிகளைக் கவிழ்த்துப் போடும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தடுக்கி விழுந்துவிட்டது என்று எண்ணி நிமிர்த்தி வைக்கப் போகாதீர்கள்.

தூக்குபவர்கள் ஆறு பேர், மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி சாயும், பாரம் முழுதும் குட்டையானவர் தோளில் இறங்கும். பெட்டியின் அடிப்பாகம் தோளில் இருக்க, உள்பக்கக் கையால் எதிரில் இருப்பவரின் தோளை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளிப்பக்கக் கையால் பெட்டியைத் தாங்க வேண்டும். அந்தப் பிடிதான் முக்கியம்; அது தளர்ந்தால் இருவரும் விலகுவார்கள். சின்ன அடியாக, ஒரே காலில் தொடங்கி நடக்க வேண்டும்.

முதல் முறை தூக்குவது குடும்பத்தார். டொனெகால் பக்கம் சாலையில் ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டே போவார்கள். அதை 'லிஃப்ட்' என்பார்கள். அண்டர்டேக்கர் கூப்பிடும்போது முன்னே போங்கள். நம்மவர்கள் "நான் எப்படி" என்று பின்வாங்குவதைக் காண்கிறேன். கூப்பிட்டால் தோள் கொடுங்கள். இப்போது பெண்களும் தூக்குகிறார்கள். முதுகுவலி இருந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

சாலையில் எதிர்ப்படும் வண்டிகள் ஓரங்கட்டி நிற்கும், ஊருக்குள் கடைக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். வேறு வேலையாகப் போகும்போது இப்படி ஓர் ஊர்வலத்தைக் கண்டால் நீங்களும் வண்டியை நிறுத்துங்கள். முந்திச் செல்லவே கூடாது. இறந்தவர் 'கேலிக்' (Gaelic) கால்பந்து என்ற அயர்லாந்து விளையாட்டின் குழுவோடு தொடர்புள்ளவர் என்றால், அந்தக் குழுவினர் இருபுறமும் அணிவகுத்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் நுழையாதீர்கள்.

8. திருப்பலியில்

முன்வரிசைகள் குடும்பத்துக்கு. நடுவிலோ பின்னாலோ உட்கார்ந்து, எதிரே இருப்பவர்கள் எழும்போது எழுந்து உட்காரும்போது உட்காருங்கள். தொடக்கத்தில் இறந்தவரின் வாழ்க்கையைக் காட்டும் பொருட்களைப் பீடத்துக்குக் கொண்டுவருவார்கள்: ஒரு தொப்பி, ஒரு மண்வெட்டி, அவர் ரொட்டி சுட்ட தகரத் தட்டு.

நற்கருணை, அதாவது குருவானவர் தரும் அப்பம், கத்தோலிக்கர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம். வரிசையோடு போக நேர்ந்தால் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டால் ஆசி மட்டும் தருவார்கள். தெரியாமல் கை நீட்டி வாங்கிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

வீட்டிலேயே கைகொடுத்துவிட்டீர்கள் என்றால் ஆலயத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். வீட்டுக்கு வர முடியாதவர்களுக்கான நேரம் அது. நேரில் வர முடியாதவர்களுக்குப் பல ஆலயங்களில் இணைய நேரலை இருக்கிறது. முகவரி அறிவிப்பிலேயே இருக்கும்.

9. கல்லறையில்

குழியைச் சுற்றி முதல் வளையம் குடும்பத்தார். பின்னால் நில்லுங்கள், பக்கத்துக் கல்லறைகளை மிதிக்காதீர்கள். தீர்த்தம் தெளிப்பு, செபம், செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி, பிறகு பெட்டியை இறக்குவார்கள்.

சில இடங்களில் குழியின் மேல் பச்சைப் பாயை விரித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். கிராமங்களில் அண்டை வீட்டார் அங்கேயே மண் தள்ளி மூடுவார்கள். களைத்தவர் கையிலிருந்து அடுத்தவர் மண்வெட்டியை வாங்கிக்கொள்வார். மூடி முடியும்வரை இருங்கள். கூட்டம் பாதியில் கரைந்தால் குடும்பத்தார் கவனிப்பார்கள்.

10. அதன் பிறகு

திருப்பலி முடிவிலோ கல்லறையிலோ, இன்ன ஹோட்டலில் சாப்பாடு, அனைவரும் வரவும் என்று அறிவிப்பார்கள். அது மெய்யான அழைப்பு. ஆனால் சற்றுப் பழக்கமுள்ளவர்களே போவார்கள். வீட்டுக்கும் ஆலயத்துக்கும் வந்தவர் சாப்பாட்டுக்குப் போகாமல் விடுவது குறையல்ல.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து 'மந்த்ஸ் மைண்ட்' எனப்படும் முப்பதாம் நாள் திருப்பலி நடக்கும். கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் நீங்கள் வந்தது நன்றாகத் தெரியும். அடக்கத்துக்கு விடுப்பு கிடைக்காதவர்கள் இதற்குப் போகலாம்.

எதற்குமே போக முடியவில்லையென்றாலும் காலம் கடந்துவிடவில்லை. வாரங்கள் கழித்துக் கடையில் அந்தக் குடும்பத்தாரைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் நேரே போய்க் கை கொடுங்கள். "அடக்கத்துக்கு வர முடியவில்லை, சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்று சொல்லுங்கள். வர முடியாத காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். நன்றி மடலும் இறந்தவரின் படம் போட்ட நினைவு அட்டையும் தபாலில் வந்தால் பதில் எழுத வேண்டியதில்லை.